ஆக்சிலேட்டரை விட்டான், வண்டி நேராகப் போனது: ஏரியில் நடந்த ஒரு வாட்டர் ஸ்கூட்டர் விபத்து

2021 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், காட்பாடிக்கு மேற்கே உள்ள ஓர் ஏரியில் வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று, வலை விரித்துக்கொண்டிருந்த மீனவர் மீது மோதியது. மீனவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. ஓட்டியவனுக்குத் தாடை கிழிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டது. மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஓட்டியவன் என் அக்கா மகன். முந்தின நாள் வண்டியைத் திறந்து பார்த்து "எஞ்சின் நல்லா இருக்கு" என்று சொன்னவன் நான்.

வளைகுடாவில் ஒரு படகுத் துறைப் பட்டறையில் ஒன்பது வருடம் இந்த வண்டிகளைத்தான் பழுது பார்த்தேன். அங்கே நான் பார்த்த விபத்துகள் எல்லாம் வேறு யாருடையவோ. உடைந்த வண்டி பட்டறைக்கு வரும், அதில் போனவர்களை நான் பார்த்ததில்லை. இந்த முறை கரையில் நின்று கண்ணால் பார்த்தேன். பிறகு இரண்டு வாரம் ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போய் இடங்களைக் காலால் அளந்தேன். அங்கிருந்த ஏழு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

ஏரி

எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். சுரைக்குடுக்கையையோ பிளாஸ்டிக் கேனையோ முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். 2021 நவம்பர் மழை அதை மாற்றியது. பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து குடியாத்தத்துக்குள் தண்ணீர் வந்தது. பல வருடமாக ஆடு மேய்ந்த ஏரிகள் நிரம்பிக் கோடி போயின, அதாவது கலங்கலில் வழிந்தோடின. பார்க்கப் பார்க்க ஆசை தீராத காட்சி அது. அந்த ஆசையில்தான் குடும்ப நண்பர் ஒருவர் கிழக்குக் கடற்கரையிலிருந்து பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்.

நிறைந்த ஏரி கடல் போலத் தெரியும். ஆனால் அதன் அடியில் இருப்பது கடற்கரை மணல் இல்லை. இந்த ஏரியின் உள்வாயில் கருவேல மரங்கள் நிற்கின்றன. தண்ணீர் ஏறியதும் அவற்றின் உச்சி மட்டும் பசுந்திட்டாகத் தெரியும். சின்ன மரங்கள் அதுகூடத் தெரியாமல் ஒரு முழம் ஆழத்தில் முள்ளோடு நிற்கும். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளங்கள் வேறு. ஓரிடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருக்கும், நாலடி தள்ளி இரண்டாள் ஆழம். வாட்டர் ஸ்கூட்டருக்கு அடியில் குறைந்தது மூன்றடித் தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் அடியிலுள்ள கல்லையும் செடியையும் தானே உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஏரியில் எங்கே மூன்றடி, எங்கே முப்பதடி என்று மீனவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வண்டி விட யாரிடமும் அனுமதியும் வாங்கவில்லை.

அந்த மீனவர்கள் படகில் போகிறவர்கள் அல்ல. லாரி டியூபிலோ, சாக்கில் சுற்றிய தெர்மாகோல் பலகையிலோ குப்புறப் படுத்து, கையால் துழாவியபடி போய் வலை விரிப்பார்கள். தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு தலையும் இரண்டு தோளும்தான்.

வண்டி

மூன்று பேர் உட்காரும் நான்கு ஸ்ட்ரோக் வண்டி. ஏறக்குறைய பத்து வயது. எடை 350 கிலோவுக்குக் குறையாது. பிரேக் கிடையாது. சீ-டூ என்ற பெயரில் வரும் வாட்டர் ஸ்கூட்டர்களில் 2009 மாடல்களிலிருந்து பிரேக்கும் ரிவர்ஸும் உள்ள வண்டிகள் வந்தன. நம் ஊரில் கைமாறும் பழைய வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. சனிக்கிழமை நான் ஆயில், பிளக், தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறியான இம்பெல்லரின் விளிம்பு, அடியில் தண்ணீர் உறிஞ்சும் இடத்துக் கம்பித் தட்டி எல்லாம் பார்த்தேன். எதிலும் குறையில்லை. ஒன்றைத் தவிர.

இந்த வண்டிகளில் ஒரு சுருள் கயிறு வரும். ஒரு முனையை ஓட்டுபவர் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்ட வேண்டும், மறுமுனையில் உள்ள கிளிப் ஹேண்டில் பக்கத்துச் சுவிட்சில் இருக்கும். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நிற்கும். இந்த வண்டியில் கிளிப் மட்டும் சுவிட்சிலேயே நிரந்தரமாகச் செருகியிருந்தது. கயிறு நாலு விரல் நீளத்தில் அறுந்து தொங்கியது. அதைக் காட்டினேன். "ஆன்லைன்ல போட்டிருக்கேன் அண்ணா, ரெண்டு நாள்ல வந்துடும்" என்றார் வண்டிக்காரர். "சரி, வந்ததும் மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கயிறு வரும்வரை வண்டி தண்ணீரில் இறங்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டறையில் ஒன்பது வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர், சொந்தம் என்று வந்ததும் வாய் வரவில்லை.

அடுத்ததைச் சொல்லாமல் விபத்து புரியாது. இந்த வண்டிக்குச் சுக்கான் இல்லை. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லரால் தள்ளி, பின்னாலுள்ள நாசில் என்ற குழாய் முனை வழியாகப் பீய்ச்சுகிறது. ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்த நாசில்தான் திரும்புகிறது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மோட்டார் ஓடினால் ஓஸ் கையைத் தள்ளும். மோட்டாரை நிறுத்திவிட்டால் ஓஸை எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒன்றுமில்லை, அது வெறும் குழாய். இதுவும் அப்படியே. ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும்வரை வண்டி திரும்பும். விட்டுவிட்டால் ஹேண்டிலை முழுக்க ஒடித்தாலும் போன திசையிலேயே நேராகப் போகும்.

இருசக்கர வாகனம் ஓட்டிப் பழகிய கைக்கு இது நேர் எதிர். ஆபத்து தெரிந்தால் நாம் முதலில் செய்வது ஆக்சிலேட்டரை விடுவது, பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே ஒடிப்பது. அது யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது. பதினெட்டு வயதிலிருந்து ஆற்காடு சாலையில் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே வண்டி ஓட்டும் பையனுக்கு அந்தப் பழக்கம் எலும்பில் இருக்கிறது. தரையில் அவன் உயிரைக் காப்பாற்றிய அதே பழக்கம்தான் அன்று ஏரியில் மீனவரின் காலை முறித்தது.

முதல் சுற்று

மாலை நாலு மணிக்கு வண்டிக்காரர் தானே ஓட்டிக் காட்டினார், பின்னால் இரண்டு பேர். கடைசியில் உட்கார்ந்தவன் அரைக்கால் டவுசர் போட்டிருந்தான், பிடிக்கப் பிடி எதையும் தேடவில்லை. வண்டி சீறிக் கிளம்பியதும் பின்பக்கமாக வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான். எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. ஏன் என்று அங்கே சொல்லவில்லை, பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். சொல்லாமல் விட்டது தவறு. இங்கே சொல்கிறேன்.

பின்னால் விழுகிறவர் நாசிலுக்கு நேர் எதிரே விழுகிறார். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டர் பிடித்திருந்தால், பீய்ச்சும் தண்ணீர் ஆசனவாய் வழியாகவோ பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவோ உள்ளே ஏறி உள் உறுப்புகளைக் கிழித்துவிடும். அறுவை சிகிச்சை, மலம் வெளியேற மாதக்கணக்கில் வயிற்றில் பை, சில சமயம் மரணம். வண்டி தயாரிப்பவர்களே எச்சரிக்கை ஒட்டி விற்கிறார்கள்: சாதாரண நீச்சல் உடை இதற்குப் போதாது, தடித்த நியோப்ரீன் துணியாலான கால்சட்டை போட வேண்டும். அந்த ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் இருக்கிறது, பழைய வண்டிகளில் வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. லுங்கி, டவுசர், சுடிதார் எதுவும் தடுக்காது. துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் இன்னொரு ஆபத்து, அடியில் உறிஞ்சும் இடத்தில் சிக்கினால் இம்பெல்லர் தண்டில் சுற்றிக்கொள்ளும். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் இடுப்பையோ சீட் பிடியையோ பிடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். மெதுவாகக் கிளம்ப வேண்டும். ஒருவர் விழுந்து ஏறும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டால் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல வேண்டிவரும்.

மோதல்

4.40 மணிக்கு அக்கா மகன் ஏறினான். வயது 22. பின்னால் அவன் கூட்டாளி. "ஜாக்கெட் போடு" என்றேன். "இன்னா மாமா, நாப்பது அடி கெணத்துல குதிச்சவன் நான், எனக்கு இன்னாத்துக்கு ஜாக்கெட்டு?" என்றான். அவன் அம்மா அதட்டியதும் போட்டுக்கொண்டான். மூன்று பக்கிளில் ஒன்றை மட்டும் மாட்டினான். கூட்டாளிக்குக் கிடைத்தது இரண்டு அளவு பெரியது. வண்டிக்காரர் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் முழுவதும் இவ்வளவுதான்: "இது ஸ்டார்ட்டு, இது ஆக்சிலேட்டர், விட்டா நின்னுடும்."

'விட்டா நின்னுடும்' என்ற அந்தச் சொல்லைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். பொய் இல்லை, நிற்கும். எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

எங்கள் ஏரிகளில் பெரும்பாலும் கரை கிழக்கே, நீர்ப்பரப்பு மேற்கே. கரையிலிருந்து கிளம்பினால் மாலை வெயிலுக்கு நேராகத்தான் போக வேண்டும். டிசம்பர் மாலை, சூரியன் தாழ இருந்தது, தண்ணீர் தகரம் போல மின்னியது. மேற்கே கருவேலத் திட்டின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. அந்த நிழல் ஓரத்தில் மீனவர் தெர்மாகோல் பலகையில் படுத்து வலை இறக்கிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கரையிலிருந்து பார்த்த எங்களுக்கே அவர் தெரியவில்லை.

அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது என் கணிப்பு. அதாவது நொடிக்கு 11 மீட்டர். பையன் அவரைப் பார்த்தது சுமார் 40 மீட்டர் இருக்கும்போது. நாலு நொடிகூட இல்லை. திகைப்பில் ஒரு நொடி போனது. பிறகு ஆக்சிலேட்டரை விட்டான், ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தான். சத்தம் திடீரென்று அடங்கியதைக் கரையில் கேட்டோம். வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, நேராகப் போனது.

"நான் திருப்பினேன் மாமா, திருப்பிக்கினேதான் இருந்தேன், அது திரும்பல" என்று மருத்துவமனையில் விடிய விடிய சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது உண்மை. மோதும்போது வேகம் பாதியாகக் குறைந்திருக்கும், ஆனால் ஆட்களோடு சேர்ந்து அரை டன் எடை. ஆக்சிலேட்டரைப் பாதியில் பிடித்தபடி அதே ஹேண்டிலை ஒடித்திருந்தால், அந்த 29 மீட்டர் இடத்தில் வண்டி தாராளமாக வளைந்து விலகியிருக்கும்.

மீனவர் கடைசி நொடியில் பலகையை விட்டு உருண்டு முங்கினார். அதனால்தான் தலை தப்பியது. கால் மாட்டிக்கொண்டது. பையன் தாடை ஹேண்டில்பாரில் அடித்தது. கூட்டாளியின் மார்பு பையன் முதுகில் மோதியது. இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். கூட்டாளியின் பெரிய ஜாக்கெட் தோளை விட்டு ஏறி முகத்தை மூடிக்கொண்டது. அவன் மூச்சுத் திணறியது ஏரித் தண்ணீரால் அல்ல, காப்பாற்ற வேண்டிய ஜாக்கெட்டால். ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுக்கு வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

வண்டி நிற்கவில்லை. கயிறு இல்லையே. இந்த ரகப் பழைய வண்டிகளில் நியூட்ரல் கிடையாது, எஞ்சின் ஓடும்வரை இம்பெல்லர் சுற்றும். ஆக்சிலேட்டர் விட்ட நிலையிலும் அது மெல்ல மெல்ல வட்டமடித்து, விழுந்த மூவரைச் சுற்றி வந்தது. இரண்டு சுற்று. பிறகு கருவேலக் கிளையில் முட்டி, அறுந்த வலையை உறிஞ்சி அடங்கியது. அந்த இரண்டு சுற்றும் கரையில் நின்ற எங்களுக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

கரையில்

எங்களிடம் மீட்க வேறு படகு இல்லை. போய்ச் சேர்ந்தவர்கள் வேறு இரண்டு மீனவர்கள், லாரி டியூபில். கூட்டாளியின் முகத்திலிருந்து ஜாக்கெட்டை இழுத்துவிட்டு அவனை முதலில் கொண்டுவந்தார்கள், பிறகு பெரியவரை. எங்கள் பையன்களைக் காப்பாற்றியது நாங்கள் முட்டிய மனிதரின் ஆட்கள்தான்.

பெரியவரின் காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர், "புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டு போட்டுடலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் வாயில் வருவது புத்தூர்தான். கட்டு வைத்தியத்தைப் பழிக்க வரவில்லை. ஆனால் எலும்பு வெளியே தெரியும் முறிவில், அதுவும் ஏரித் தண்ணீர் பட்ட காயத்தில், சீழ் பிடித்தால் கால் போகும், உயிரும் போகலாம். சுத்தம் செய்ய அறுவைக் கூடம் வேண்டும். 108-க்கு அழைத்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை காலை நிமிர்த்தவோ இழுக்கவோ விடவில்லை. சுத்தமான துண்டால் மூடி, இரண்டு மூங்கில் பிளாச்சியை இருபக்கமும் வைத்து அசையாமல் கட்டினோம். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அவர் ஏழு மாதம் ஏரிக்கு இறங்கவில்லை. செலவை வண்டிக்காரரும் எங்கள் குடும்பமும் ஏற்றுக்கொண்டோம், காவல் நிலையத்தில் வழக்கும் பதிவானது. அந்தப் பருவத்தில்தான் ஏரியில் மீன் இருந்தது. தண்ணீர் வற்றியபோது அவர் கைத்தடியோடு கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பிடித்ததை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்கு எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை.

எதனால்

வேகம் என்று ஊரில் சொல்லி முடித்துவிட்டார்கள். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 40 கிலோமீட்டர் இந்த வண்டிக்கு வேகமே இல்லை, 100-ஐத் தாண்டும் வண்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகச் சொன்னது: மற்றப் பொழுதுபோக்குப் படகுகளில் சாவுக்கு முதல் காரணம் மூழ்குதல், இந்த வண்டிகளில் மட்டும் மோதலில் படும் அடி. ஆக்சிலேட்டரை விட்டால் திரும்பாத பிரச்சினைக்கும் பிரேக்குக்கும் வழி தேடச் சொல்லித் தயாரிப்பாளர்களை அந்த வாரியம் கேட்டது. ஆகவே நீச்சல் தெரிந்தவனுக்கும் ஜாக்கெட் வேண்டும். மிதக்க மட்டுமல்ல, அடியைத் தாங்கவும், மயங்கி விழுந்தால் முகம் முங்காமல் இருக்கவும். நாற்பதடிக் கிணற்றில் குதித்தவனுக்கும் மயக்கத்தில் நீந்த வராது.

இன்னொரு தரைப் பழக்கமும் இருக்கிறது, இந்த விபத்தில் அது வரவில்லை என்றாலும் அடுத்ததில் வரும். சாலையில் நாம் இடப்பக்கம் போகிறவர்கள். தண்ணீரில் விதி வேறு. எதிரெதிரே வரும் இரண்டு மோட்டார் படகுகளும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருபவர் உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். 1972-ன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் சொல்வது அதுதான். நம் ஊர்க்காரர் ஒருவர் இடப்பக்கம் ஒதுங்க, எதிரே வருகிற கடற்கரை ஓட்டுநர் வலப்பக்கம் ஒதுங்கினால் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள்.

வெயிலுக்கு நேராக ஓட்டியது, மீனவர்களை விசாரிக்காதது, கயிறு இல்லாதது, பக்கிள் மாட்டாதது எல்லாம் சேர்ந்துதான் அந்த மாலை. ஆனால் ஒன்றைமட்டும் மாற்றலாம் என்று யாராவது வரம் கொடுத்தால், கரையில் நடந்த அந்த ஒரு நிமிடப் பாடத்தைத்தான் மாற்றுவேன். அதுவும் வாயால் சொல்லி இல்லை. திறந்த தண்ணீரில் காலி கேன் ஒன்றை மிதக்கவிட்டு, மணிக்கு 20 கிலோமீட்டரில் அதை நோக்கிப் போகச் சொல்வேன். பத்து மீட்டர் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் திருப்பச் சொல்வேன், கேன் மீது ஏறும். அடுத்து ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி திருப்பச் சொல்வேன், கேன் ஒதுங்கும். கை அதைத் தன் பாட்டுக்குச் செய்யும்வரை பின்னால் யாரையும் ஏற்ற விடமாட்டேன். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர் கையில் ஹேண்டிலே கொடுக்க மாட்டேன், தயாரிப்பாளர்கள் சொல்லும் வயதும் அதுதான்.

2023 கோடையில் பையனைக் கடற்கரைப் பக்கம் ஒரு உப்பங்கழிக்கு அழைத்துப் போனேன். பயிற்சியாளர் ஒருவர் இருந்தார், மீட்புப் படகு இருந்தது, கயிறு அவன் மணிக்கட்டில் இருந்தது. "வேணாம் மாமா" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு ஏறினான். கேனை மிதக்கவிட்டோம். விபத்தைப் பற்றி என்னைவிட அதிகம் யோசித்தவன் அவன், எது ஏன் நடந்தது என்று பாடம் நடத்தவே தெரியும். முதல் முறை, பத்து மீட்டரில், கை தானாக ஆக்சிலேட்டரை விட்டது. வண்டி கேன் மேல் ஏறியது. இரண்டாவது முறையும் விட்டது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு போனான், கடைசி நொடியில் விட்டான். நான்காவது முறை பாதி பிடித்தான், கேனை உரசிப் போனது.

ஐந்தாவது முறை எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. கேன் அவனுக்கு இடப்பக்கமாக, மூன்று மீட்டர் தள்ளி, அலையில் ஆடிக்கொண்டு நின்றது.